"ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்": வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் படிச்சு முடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. பாதிக்கு மேல சென்னையில இருந்து, மீதி கோயம்புத்தூர்ல இருந்தும் பெங்களூருக்கு வேலைக்கு போன நம்ம பசங்ககிட்ட இருந்தும். எல்லாத்தையும் போட இடம் இல்ல. யார் பேரும் போடல, யாருன்னு தெரியாத மாதிரி ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தியிருக்கேன். உங்க கேள்வி இதுல இல்லன்னா கோச்சுக்காதீங்க, உங்களுக்கான பதில் வேற யாரோ ஒருத்தர் கேள்விக்கு கீழ இருக்கலாம்.

கேள்வி: மேடம், எனக்கு 29 வயசு. ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனியில வேலை, ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட பள்ளிக்கரணையில ஃப்ளாட் எடுத்து தங்கியிருக்கேன். சம்பளம் பரவாயில்ல, வீட்ல பிரச்சனை இல்ல, லவ் ஃபெயிலியர் அது இதுன்னும் எதுவும் இல்ல. ஆனா மூணு மாசமா எதுலயும் பிடிப்பே இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா கிரிக்கெட் ஆட போயிடுவேன், இப்ப பேட்ட தொட்டு ரெண்டு மாசம் ஆச்சு. விடியக்காலை 3:30க்கு டக்குனு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல. ஒரு சாதாரண மெயிலுக்கு ரிப்ளை போட அரை மணி நேரம் ஆகுது. அம்மா குரல கேட்டா கண்ணு கலங்குதுன்னு ஊருக்கு ஃபோன் பண்றதயே குறைச்சுட்டேன். இத்தனை வசதி இருந்தும் இப்படி கிடக்கிறேனே, இது சோம்பேறித்தனமா, இல்ல திமிரா?

பதில்: தம்பி, ரெண்டும் இல்ல. உங்க கடிதத்துல என்னை நிறுத்தினது அந்த கடைசி வரிதான். "நான் ஒரு சோம்பேறி, எனக்கு இருக்க வசதிக்கு நான் லாயக்கில்ல"ன்னு தன்னைத்தானே திட்டிக்கிறது மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன்ங்கற நோயோட அறிகுறிகள்ல ஒண்ணு. காய்ச்சல் வந்தா உடம்பு சுடுற மாதிரி, இது வந்தா குற்ற உணர்ச்சி வரும். அந்த வரிய எழுதினது நீங்க இல்ல, நோய்னு வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு வார்த்தை குழப்பத்த சரி பண்ணிடறேன், ஏன்னா நம்ம பத்திரிகைங்க, டிவி எல்லாத்துலயும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் "மன அழுத்தம்"னு போடறாங்க, டிப்ரஷனுக்கும் அதையே போடறாங்க. ரெண்டும் வேற. ஸ்ட்ரெஸ்ங்கறது தலையில வச்ச மூட்டை, இறக்கி வச்சா லேசாயிடும். புராஜெக்ட் ரிலீஸ் முடிஞ்ச அந்த வாரம் நீங்க எப்படி இருந்தீங்கன்னு யோசிச்சு பாருங்க. நல்லா தூங்கி, நல்லா சாப்பிட்டு, ஃப்ரெண்ட்ஸோட எங்கயாவது போயிட்டு வந்தீங்கன்னா அது ஸ்ட்ரெஸ். ரிலீஸும் முடிஞ்சுது, லீவும் கிடைச்சுது, அப்பவும் மூட்டை இறங்கவே இல்லன்னா அது மனச்சோர்வு. எங்ககிட்ட வர்றவங்க யாரும் "எனக்கு டிப்ரஷன்"னு சொல்லிட்டு வர்றதில்ல, "ஒரு மாதிரியா இருக்கு", "மனசே சரியில்ல", "எதுலயும் பிடிப்பில்ல"ம்பாங்க. இந்த "பிடிப்பில்ல"ங்கற வார்த்தை இருக்கே, பாடப்புத்தகத்துல ஒரு பத்தி முழுக்க சொல்ற விஷயத்த ஒரே சொல்லுல சொல்லிடும். சோகம்னா ஏதோ ஒண்ணு வலிக்கும். இதுல எதுவுமே ஒட்டாது, பிடிச்ச பிரியாணியும் சக்கை மாதிரி இருக்கும்.

நாங்க கணக்கு பாக்கறது ஒன்பது விஷயம். மனசு கனமா இருக்கறது, பிடிப்பு போறது, தூக்கம் கெடறது, பசி மாறறது, அசதி, கவனம் நிக்காதது, குற்ற உணர்ச்சி, பேச்சும் நடையும் மந்தமாகறது இல்லன்னா நிலைகொள்ளாம தவிக்கறது, சாவப் பத்தின நெனப்பு. இதுல முதல் ரெண்டுல ஒண்ணாவது இருந்து, மொத்தம் அஞ்சு விஷயம் ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் நீடிச்சு, அன்றாட வேலையும் கெட்டுப்போச்சுன்னா டாக்டர பாக்கணும். உங்க கடிதத்துலயே நாலஞ்சு தெரியுது. விடியக்காலை மூணு மூணரைக்கு முழிச்சுட்டு திரும்ப தூக்கம் வராம கிடக்கறது ரொம்ப பரிச்சயமான அடையாளம். ஆனா கடிதத்த வச்சு நோய முடிவு பண்ணக்கூடாது, நேர்ல போய் பாருங்க. போறப்ப தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சுகர் நாலையும் பாக்க சொல்லுவாங்க, அலுத்துக்காம பாத்துடுங்க, தைராய்டு கம்மியா இருந்தாலும் இதே மாதிரிதான் சோர்ந்து கிடப்பாங்க.

ஆமா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் அமெரிக்கா கால்ல இருக்கீங்க? அத எழுதல நீங்க. பதினொன்றரை வரைக்கும் லேப்டாப் வெளிச்சம் மூஞ்சியில பட்டுட்டு, பன்னெண்டரைக்கு ஆர்டர் பண்ண பரோட்டாவ சாப்பிட்டுட்டு, காலையில வெயிலே படாம கேப்ல ஏறி ஏசி ஆபீஸுக்குள்ள போயிட்டா உடம்புக்குள்ள இருக்க கடிகாரத்துக்கு எது பகல் எது ராத்திரின்னே தெரியாம போயிடும். நகரம்தான் நோய குடுக்குதுன்னு மொத்தமா பழி போட மாட்டேன், பரம்பரை, சின்ன வயசுல பட்ட காயம், உடம்புன்னு நிறைய சேர்ந்துதான் வருது. ஆனா வர்றதுக்கு வழி போட்டு குடுக்கறதுல இந்த தூக்கக் கேட்டுக்கு பெரிய பங்கு இருக்கு.

இன்னொண்ணு. "மூடு வந்ததும் கிரிக்கெட்டுக்கு போறேன்"னு காத்திருக்காதீங்க. இந்த நோயில மூடு முதல்ல வராது. உடம்பு முதல்ல போகணும், பிடிப்பு பின்னாடி மெதுவா வரும். கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளுக்கு, டாக்டரே இல்லாத சாதாரண ஆளுங்கள பயிற்சி குடுத்து பேச வச்சாங்க, முக்கியமா பேசினதே இததான், எத எதெல்லாம் விட்டுட்ட, அதுல சின்னதா எத திரும்ப ஆரம்பிக்கலாம்னு. நல்ல பலன் தெரிஞ்சுது, 2017ல லான்செட்ங்கற மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல வந்துச்சு. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு போங்க. ஆட வேண்டாம், பேடும் கட்ட வேண்டாம். பவுண்டரி ஓரமா பைக்க போட்டு அதுமேல உக்காந்துட்டு ஸ்கோர் மட்டும் எண்ணுங்க, அரை மணி நேரம் போதும். அப்படியே அம்மாவுக்கு ஃபோன் பண்ணுங்க, அழுகை வந்தா வரட்டும்பா, அம்மாதானே.

கேள்வி: டாக்டர், அப்பா தவறினதும் அம்மாவ திருமங்கலத்துல இருந்து பெருங்குடிக்கு கூட்டிட்டு வந்துட்டேன். ஏழாவது மாடி, லிஃப்ட், ஏசி, பெரிய டிவி, மருமகளும் தங்கமானவ. சமையலுக்கு ஆள் வச்சிருக்கோம், அம்மா ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டாம். ஆனா வந்து எட்டு மாசத்துல ஆளே பாதியா எளச்சுட்டாங்க. முட்டி வலி, வயித்தெரிச்சல், கழுத்து பிடிப்புன்னு தினம் ஒண்ணு சொல்றாங்க. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். பேசவும் மாட்டேங்கறாங்க. நாங்க என்ன குறை வச்சோம்?

பதில்: குறை எதுவும் வைக்கல ஐயா, வேலையும் எதுவும் வைக்கல. அங்கதான் சிக்கல்.

உங்க அம்மா மாதிரியே ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க, 66 வயசு. மகன் பக்கத்துலயே உக்காந்திருந்தார், கேட்ட எல்லாத்துக்கும் அவரே பதில் சொன்னார். அவர வெளியில உக்கார சொல்லிட்டு "ஊர்ல காலையில என்னம்மா பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கையவே பாத்துட்டு இருந்தாங்க, வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒண்ணோட ஒண்ணு லேசா உரசிட்டே இருந்துச்சு. "அஞ்சு மணிக்கு வாசல் தெளிச்சு கோலம் போடுவேன் டாக்டரம்மா, இங்க வாசலே இல்ல"ன்னாங்க. கோலமாவு இல்லாமயே அந்த விரல் கோலமாவ விட்டுட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் அரை மணி நேரம் நிறுத்தாம பேசினாங்க. எதிர்வீட்டு பொண்ணோட பிரசவம், பால்காரர் பொண்டாட்டியோட சண்டை, சீட்டு பணம், ஆடி மாச கூழுன்னு எல்லாத்தயும் சொன்னாங்க. முட்டி வலிய பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நம்ம அம்மாக்களுக்கு மனசு வலிக்குதுன்னு சொல்ல வாய் வராது, அப்படி சொல்ல யாரும் பழக்கல. அதனால உடம்பு பேசுது. அது பொய் வலி இல்ல, நிஜமாவே வலிக்குது, எக்ஸ்ரேல தெரியாது அவ்வளவுதான். பசி போய் உடம்பும் பாதியா எளச்சிருக்காங்கன்னா நோய் முத்தியிருக்கலாம், வயசானவங்களுக்கு நல்லா கேக்கற மருந்து இருக்கு, தள்ளிப்போடாம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. ஞாபக மறதியும் சேர்ந்து இருக்கான்னு அவங்க பாப்பாங்க.

அதோட கூட இதையும் செய்யுங்க. சமையல் ஆள நிறுத்த வேண்டாம், ஆனா சாயங்கால காபி அம்மா கையால தான்னு ஆக்கிடுங்க. ஊர்ல ஒருத்தி கோலம் போடாம விட்டா எட்டு மணிக்குள்ள நாலு பேர் "என்னக்கா, உடம்பு சரியில்லையா"ன்னு வந்து நிப்பாங்க. இந்த ஏழாவது மாடியில எட்டு நாள் கதவு திறக்கலைன்னாலும் யாருக்கும் தெரியாது. அதனால அவங்கள எதிர்பாக்கிற நாலு பேர நீங்கதான் ஏற்படுத்தி குடுக்கணும். கீழ பார்க்ல சாயங்காலம் உக்கார்ற பெரியவங்களோட அறிமுகம் பண்ணி வைங்க, முதல் வாரம் நீங்களோ மருமகளோ கூட போய் உக்காருங்க. ஜிம்பாப்வே நாட்டுல ஹராரே நகரத்துல டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர், நாட்டுல டாக்டருங்க பத்தாததால 2006ல இருந்து பாட்டிமார்களுக்கு பயிற்சி குடுத்து, சுகாதார நிலையத்து வாசல்ல மரபெஞ்சு போட்டு உக்கார வச்சார். மனசு நொந்து வர்ற சின்னவங்க அந்த பெஞ்சுல பாட்டிகூட உக்காந்து பேசுவாங்க. அவங்க பாஷையில இந்த நோய்க்கு "குஃபுங்கிசிசா"ன்னு பேரு, "அதிகமா யோசிக்கிறது"ன்னு அர்த்தம், நம்ம ஊர்ல "மனச போட்டு குழப்பிக்கிறா"ன்னு சொல்ற மாதிரி. 2016ல ஆராய்ச்சியா வெளியிட்டப்ப அந்த பெஞ்சுக்கு வந்தவங்களுக்கு ஆறு மாசத்துல நல்ல முன்னேற்றம்னு தெரிஞ்சுது. வயசான அம்மாக்களால என்ன முடியும்னு பாருங்க. உங்க அம்மாவுக்கு ஓய்வு குடுத்தது போதும் ஐயா, யாருக்காவது அவங்க தேவைப்படட்டும்.

கேள்வி: மனநல மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, போதை மாதிரி ஆயிடும், ஆள் மந்தமாயிடுவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா? எனக்கு எழுதி குடுத்து ஒரு மாசமா வாங்காமலே வச்சிருக்கேன்.

பதில்: மனச்சோர்வுக்கு இப்ப வழக்கமா தர்ற எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் மாதிரி மாத்திரைக்கு போதைக் குணம் கிடையாது. ஏங்க வைக்காது, டோஸ் ஏத்திக்கிட்டே போகவும் சொல்லாது. ஆனா ரெண்டு விஷயத்த டாக்டர்ங்களே நின்னு நிதானமா சொல்றதில்ல, அதனாலதான் பாதி பேர் நடுவுலயே விட்டுடறாங்க. ஒண்ணு, பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் கூட ஆகும், ஆனா தொந்தரவு முதல் வாரமே வந்துடும், குமட்டல், வயிறு சரியில்லாம போறது, ஒரு மாதிரி படபடப்பு. "ஒத்துக்கல"ன்னு அஞ்சாவது நாள் நிறுத்திடுவாங்க. தாங்க முடியாட்டி டாக்டர கேட்டு மாத்துங்க, நீங்களா நிறுத்தாதீங்க. தாம்பத்திய விஷயத்துலயும் சிலருக்கு ஆசை குறையும், கூச்சப்படாம சொல்லுங்க, வழி இருக்கு. 25 வயசுக்கு கீழ உள்ளவங்கன்னா முதல் சில வாரம் வீட்ல ஒருத்தர் பக்கத்துல இருந்து கவனிக்கணும். ரெண்டாவது, நல்லானதும் நிறுத்தக்கூடாது. முதல் தடவை வந்தவங்களுக்கு நல்லான பிறகும் ஆறுல இருந்து ஒன்பது மாசம் தொடரணும், அப்புறம் படிப்படியா குறைக்கணும். டக்குனு விட்டா தலை சுத்தல், தலைக்குள்ள சின்னதா ஷாக் அடிக்கிற மாதிரி வரும், அதத்தான் ஜனங்க "அடிக்‌ஷன்"னு நினைச்சுக்கறாங்க.

பழக்கமாகற மாத்திரை வேற, அது அல்ப்ரஸோலம், குளோனசெபாம் மாதிரி தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தர்றது. அவசரத்துக்கு சில வாரம்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதின சீட்ட மடிச்சு பர்ஸுல வச்சுக்கிட்டு மெடிக்கல் ஷாப்புல காட்டி வாங்கிட்டே இருக்கவங்கள நான் வாரம் தவறாம பாக்கறேன், அந்த சீட்டு மடிப்புல கிழிஞ்சு செல்லோடேப் போட்டிருப்பாங்க. அப்படி யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, வலிப்பு வர வாய்ப்பு இருக்கு, டாக்டர் துணையோட மெதுவா குறைக்கணும்.

லேசான மனச்சோர்வுன்னா மாத்திரையே இல்லாம கவுன்சிலிங் மட்டுமே போதும். உங்களுக்கு எது வேணும்னு எழுதி குடுத்த டாக்டர்கிட்டயே திரும்ப போய் கேளுங்கம்மா, ஒரு மாசமா வாங்கலன்னும் சொல்லுங்க, திட்ட மாட்டாங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஆப்ல கார் ஓட்டுறார். கார் லோன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. காலையில 6 மணிக்கு போனா ராத்திரி 10, 11. முன்ன பிள்ளைங்கன்னா உயிர விடுவார். இப்ப வீட்டுக்குள்ள வந்ததுமே எரிஞ்சு விழறார், தினமும் குடிக்கறார், போன வாரம் பெரியவன அடிச்சுட்டார், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதார், நான் கேட்டேன். மூணு தடவ நெஞ்சு வலிக்குதுன்னு ஈசிஜி எடுத்தோம், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. "ஒண்ணும் இல்லாததுக்கா இந்த ஆட்டம்"னு மாமியார் வேற. பெரிய டாக்டர்கிட்ட போக காசு இல்ல.

பதில்: அந்த பாத்ரூம் அழுகைய நீங்க கேட்டீங்க பாருங்க, அதுதான்மா முக்கியமான விவரம். ஆம்பளைங்களுக்கு மனச்சோர்வு வந்தா நிறைய பேருக்கு அது சோகமா தெரியாது, கோபமா தெரியும், குடியா தெரியும், நெஞ்சு வலியா தெரியும். அழக்கூடாதுன்னு சொல்லி வளர்த்துட்டோம், வேற எந்த வழியா வரும் அது? ஈசிஜி நார்மல்னா இதயத்துல அடைப்புக்கான அடையாளம் அப்ப தெரியலன்னுதான் அர்த்தம், அவர் நடிக்கிறார்னு அர்த்தம் இல்ல. நெஞ்சு வலி திரும்ப வந்தா திரும்ப காட்டுங்க, அலட்சியம் வேண்டாம்.

குடி, முதல் ஒரு மணி நேரம் பாரம் இறங்கின மாதிரி காட்டும், அப்புறம் நடுராத்திரி தூக்கத்த கெடுத்து, காலையில மனச முன்ன விட கீழ தள்ளும். அதுக்கு மருந்தா சாயங்காலம் திரும்ப குடி. இந்த சக்கரத்த வெறும் புத்திமதியால நிறுத்த முடியாது.

போதையில இருக்கப்ப பேசாதீங்க. காலையில வண்டிய தொடைக்கிற நேரத்துல காபிய குடுத்துட்டு "நீங்க சரியா தூங்கி எத்தனை நாளாச்சு, எனக்கு பயமா இருக்கு, ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்"னு சொல்லி பாருங்க. பைத்தியம், மெண்டல்ங்கற பேச்சு வரவே கூடாது. தூக்கத்துக்குன்னு கூப்பிட்டா வந்துடுவாங்க, அது பொய்யும் இல்ல, அவர் தூங்காதவர்தானே. செலவ பத்தி கவலை வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு, சென்னையில ஜிஹெச், ஸ்டான்லி எங்க வேணாலும் காலையில போய் ஓபி சீட்டு வாங்கி பாக்கலாம், மாத்திரையும் இலவசம். சென்னைக்கு வெளியில இருக்கவங்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அரசு ஆஸ்பத்திரிலயே இருப்பாங்க.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியும் இருக்கு. அந்த பேர கேட்டாலே இந்த ஊர்ல ஒரு கேலி, நான் பயிற்சி டாக்டரா அங்க போனப்ப பஸ்ல "எங்க எறங்கணும்"னு கண்டக்டர் கேட்டா சொல்லவே நோயாளி வீட்டுக்காரங்க கூசுவாங்க. 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. நாட்டோட முதல் பெண் மனநல மருத்துவரா பேர் வாங்கின டாக்டர் சாரதா மேனன் 1961ல அங்க கண்காணிப்பாளரா பொறுப்பேத்து 1978 வரைக்கும் இருந்தாங்க. அதுக்கப்புறமும் சும்மா இருக்காம 1984ல சென்னையிலயே மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப்ங்கற அமைப்ப தொடங்கினாங்க. அந்த வளாகத்துக்குள்ள காலடி வச்சு குணமாகி தன் வேலைக்கு திரும்பி போனவங்க எத்தனையோ பேர், அவங்க யாரும் வெளியில சொல்லிக்கறதில்ல, அதனால கேலி மட்டும் நிக்குது.

ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன்மா, நோய்ங்கறது அடிக்க லைசென்ஸ் இல்ல. உங்க மேலயோ பிள்ளைங்க மேலயோ திரும்ப கை வச்சா பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க. அவர் மேல இருக்க அக்கறையும் உங்க பாதுகாப்பும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்ல.

கேள்வி: மேம், நான் காலேஜ் ஃபைனல் இயர், வேளச்சேரி பக்கம் பிஜில தங்கி படிக்கிறேன். சாகணும்னு எல்லாம் இல்ல. ஆனா ராத்திரி படுக்கறப்ப காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. ரூம்ல மூணு பேர் இருக்கோம், ஆளுக்கொரு பக்கம் ஹெட்ஃபோன போட்டுட்டு திரும்பி படுத்துக்குவோம். வீட்ல சொன்னா படிப்ப நிறுத்தி கூட்டிட்டு போயிடுவாங்க. இத யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்களுக்குத்தான் முதல்ல எழுதறேன்.

பதில்: கண்ணு, உன் மெயில பாத்த அன்னைக்கே பதில் போட்டுட்டேன், நீயும் திரும்ப எழுதின, அதனால மனசு கொஞ்சம் நிம்மதியா இருக்கு. இங்க போடறது உன்ன மாதிரி எழுதாம இருக்கவங்களுக்காக.

"எந்திரிக்காம போயிட்டா நல்லா இருக்கும்"ங்கறது சின்ன விஷயம் இல்ல. சாகணும்னு திட்டம் போடறதுக்கு முன்னாடி வர்ற படி அது. அந்த படியிலயே யாராவது கைய பிடிச்சுட்டா திரும்பிடலாம், நிறைய பேர் திரும்பியிருக்காங்க, அதுல சிலர் இன்னைக்கு என் ஓபிக்கு பிள்ளைய தூக்கிட்டு வந்து காட்டிட்டு போறாங்க. இன்னைக்கு ராத்திரியே ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. ரூம்மேட்டோட தோள தொட்டு "ஹெட்ஃபோன கழட்டு, எனக்கு நல்லா இல்ல"ன்னு சொன்னா போதும், அழகா விளக்கி சொல்லணும்னு அவசியம் இல்ல. முடியலன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் 10ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். சென்னையில ஸ்நேகா அமைப்பு 1986ல இருந்து இதுக்காகவே இருக்கு. கையில ஏதாவது திட்டம் இருந்தா, இல்ல பக்கத்துல இருக்க பொருள பாத்து பயமா இருந்தா, தனியா இருக்காம ஒருத்தர கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. "சாகணும்னு தோணுதா"ன்னு பிள்ளைகிட்ட நேரா கேட்டா நாமளே அந்த எண்ணத்த ஊட்டிட மாட்டோமான்னு பயப்படறீங்க. ஊட்ட மாட்டீங்க. கேட்டதும் "ஆமா"ன்னு சொல்லி உடைஞ்சு அழற பிள்ளைங்கதான் அதிகம், இத்தனை நாளா யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்திருப்பாங்க. கேட்டுட்டு உடனே அறிவுரை சொல்லாதீங்க, "உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்"னு ஆரம்பிக்காதீங்க. போலீஸ் கேஸ் ஆகும்ங்கற பயத்துல சிகிச்சைக்கு கொண்டு வராம மறைக்கிற குடும்பமும் உண்டு, 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தெளிவாவே சொல்லுது, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன உளைச்சல்ல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவங்களுக்கு சிகிச்சையும் பராமரிப்பும் குடுக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமைன்னு.

படிப்பு நிக்காது கண்ணு. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் அது ஒரு செமஸ்டர்தான்.

கேள்வி: ட்ரீட்மென்ட் எடுத்தா ஹெச்ஆருக்கு தெரிஞ்சுடுமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: அதே 2017 சட்டப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம், உங்க அனுமதி இல்லாம டாக்டர் கம்பெனிக்கு சொல்ல முடியாது. லீவுக்கு சர்டிஃபிகேட் வேணும்னா எந்த அளவு விவரம் எழுதணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரணும்னும் அந்த சட்டத்துல இருக்கு. ஆனா பாலிசிய எடுத்து வாசிங்க, நிறைய பாலிசி அட்மிட் ஆனாத்தான் காசு தரும், ஓபி கன்சல்டேஷனுக்கு தராது.

கேள்வி: அந்த காலத்துல இதெல்லாம் ஏது டாக்டர்? எங்க தலைமுறை படாத கஷ்டமா? இப்ப உள்ள பசங்க செல்போன பாத்து பாத்து கெட்டு போயிட்டு டிப்ரஷன்ங்கறாங்க. (மயிலாப்பூர், 71 வயசு)

பதில்: ஐயா, உங்க கேள்வில வருத்தம் இருக்கு, அதனால என் வீட்டு கதையவே சொல்றேன். எங்க அப்பா பேங்க்ல கிளார்க். காலையில பேப்பர் வந்ததும் முதல் ஆளா எடுத்து, ஆறு பக்கமும் படிச்சுட்டு, மடிப்பு கலையாம மடிச்சு வைப்பார். 1984ல நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப ஒரு சமயம், பேப்பர்காரர் போட்ட மடிப்போடவே பேப்பர் திண்ணையில கிடக்க ஆரம்பிச்சுது. ஷேவிங் பிரஷ் காஞ்சு விறைச்சு போய் கிடந்துச்சு. அப்பா சுவத்த பாத்து உக்காந்திருப்பார். வீட்ல எல்லாரும் "வேலை பளு"ன்னாங்க, பாத்த டாக்டர் சத்து ஊசி போட்டார், ஒரு மந்திரிக்கிறவர் வந்து கயிறு கட்டிட்டு போனார். ரெண்டு வருஷம் கழிச்சு அதுவா விலகுச்சு, ஆனா அந்த ரெண்டு வருஷம் போனது போனதுதான். நான் மருத்துவம் படிக்கிறப்ப பாடப்புத்தகத்துல மனச்சோர்வுங்கற பாடத்த திறந்து படிச்சுட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு போய் ரொம்ப நேரம் அழுதேன். அந்த பக்கத்துல எங்க அப்பா இருந்தார். அப்பவும் இருந்துச்சு ஐயா, பேர்தான் இல்ல. பேர் தெரியாததால எங்கெங்கயோ கொண்டு போய் விட்டாங்க, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில மனநோயாளிகள்னு சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில போனத நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

பெங்களூர்ல இருக்க நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல வீடு வீடா போய் எடுத்த கணக்குல, 20 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல மனச்சோர்வு வந்திருக்கு, பெருநகரத்துல இன்னும் அதிகம். வந்தவங்கள்ல நூத்துக்கு 85 பேர் வரைக்கும் சிகிச்சையே எடுக்கல. மனச்சோர்வு 40ல இருந்து 49 வயசுக்காரங்ககிட்ட அதிகம்னு வந்துச்சு, செல்போனோட பொறந்த பசங்ககிட்ட இல்ல. ஃபோன் தூக்கத்த தின்னுதுங்கறது நிஜம், படுக்கையில வேண்டாம்னு நானும்தான் சொல்றேன். மத்தபடி உங்க பேரன் யாராவது "தாத்தா, எனக்கு என்னமோ போல இருக்கு"ன்னு வந்தா, உங்க காலத்து கஷ்டத்த அப்புறமா சொல்லிக்கலாம், முதல்ல அவன் சொல்றத கேளுங்க.

கேள்வி: நாங்க இருக்க அபார்ட்மென்ட்ல எதிர் ஃப்ளாட்ல ஒருத்தர் தனியா இருக்கார், 50 வயசு இருக்கும். மனைவி பிரிஞ்சு போயிட்டாங்கன்னு கேள்வி. முன்ன லிஃப்ட்ல பாத்தா சிரிப்பார். இப்ப ரெண்டு மூணு வாரமா வெளியிலயே பாக்கல. கதவுல மாட்டியிருக்க பையில பால் பாக்கெட் சாயங்காலம் வரைக்கும் அப்படியே தொங்குது, நேத்து ரெண்டு பாக்கெட் இருந்துச்சு. அடுத்தவங்க விஷயத்துல மூக்க நுழைக்கறோமோன்னு என் கணவர் தயங்கறார். என்ன செய்யலாம்?

பதில்: இந்த கடிதம் வந்ததும் உங்க நம்பருக்கு நான் கூப்பிட்டு பேசினேன், ஞாபகம் இருக்கும். மத்தவங்களுக்காக திரும்ப எழுதறேன். ரெண்டு பாக்கெட் தொங்குதுன்னா யோசிக்காம பெல்ல அடிங்க. திறக்கலைன்னா தட்டுங்க, பேர சொல்லி கூப்பிடுங்க, அப்பவும் சத்தமே இல்லன்னா வாட்ச்மேனையும் அசோசியேஷன் செக்ரட்டரியையும் கூப்பிட்டு அவங்கள வச்சு கதவ திறக்க ஏற்பாடு பண்ணுங்க, 108, 112 ரெண்டும் கையில இருக்கட்டும்.

திறந்துட்டார்னா "என்ன ஆச்சு"ன்னு ஆரம்பிக்காதீங்க. "பால் வெயில்ல கெட்டுடும்னு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சேன் சார், இந்தாங்க"ன்னு குடுங்க. கையில ஒரு கிண்ணம் ரசம் இருந்தா இன்னும் நல்லது, கிண்ணத்த திருப்பி வாங்க மறுநாள் போக ஒரு காரணம் கிடைக்கும். தாடி, வீட்டுக்குள்ள இருட்டு, சாப்பிடாத மூஞ்சி எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கோங்க, வாயால கேக்காதீங்க. மறுநாள் உங்க கணவர் போகட்டும். மூணாவது நாளோ நாலாவது நாளோ, "தூக்கம் வருதா சார், மனசுக்கு எப்படி இருக்கு"ன்னு அவர் கேட்டா ஏதாவது பதில் வரும். அப்ப "நானும் கூட வர்றேன், சனிக்கிழமை டாக்டர பாத்துட்டு வந்துடலாம்"னு நாளையும் நேரத்தையும் சேர்த்தே சொல்ல சொல்லுங்க. முதல் நாள் கதவ திறக்காம உள்ள இருந்தே "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு குரல் மட்டும் வந்தாலும் பரவாயில்ல, ரசத்த வாசல்ல மூடி வச்சுட்டு வந்துடுங்க. மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப பெல்ல அடிங்க.